எட்டு மூலைகள், இரண்டு பேங்குகள்

சில மாதங்களுக்கு முன், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தன்னுடைய எஃப்எஃப்டி (ஒரு சிக்னலில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று வேகமாகக் கண்டுபிடிக்கும் கணக்குமுறை) வடிவமைப்பை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “மெமரிங்கிறது ஒரு அரே தானே அண்ணா, பேங்க் கணக்கையெல்லாம் டூல் பாத்துக்கும்.” நான் உடனே மறுத்துப் பேசவில்லை. அவர் பயன்படுத்துவது சி மொழியில் எழுதியதை வன்பொருளாக மாற்றித் தரும் கருவி. அரேயை, அதாவது எண்ணிட்ட இடங்களின் வரிசையை, எத்தனை துண்டுகளாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால், மற்றதை அது செய்துகொள்கிறது. அந்த வாக்கியத்தில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். மற்ற பாதிதான், பல ஆண்டுகளுக்கு முன், என்னுடைய மூன்று வாரங்களைத் தின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் மனத்தை விட்டுப் போகவில்லை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பொய் என்று அவருக்குத் தெளிவாகச் சொல்ல முடியாததுதான் உறுத்தலுக்குக் காரணம் என்று தோன்றியதால், இதை எழுதிப் பார்க்கிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நினைவகத்தைத் தனித்தனியாக அணுகக்கூடிய பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியையும் பேங்க் என்கிறோம். அதை வங்கி என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் வட்டி விகிதம் ஓடும். ஆகவே பேங்க் என்றே எழுதுகிறேன். அடுத்தடுத்த தரவுகளை ஒரே இடத்தில் குவிக்காமல் பல இடங்களுக்கு மாற்றி மாற்றிப் பகிர்ந்து வைப்பது இன்டர்லீவிங். இதே சொல்லுக்குத் தகவல்தொடர்பில் வேறொரு பொருளும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு பொருள்களும் ஒரே சிப்பில் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது.

32,768

நான் அப்போது செய்ய வேண்டியிருந்தது 1024 புள்ளி எஃப்எஃப்டி. மாதிரிகள் நொடிக்கு 2 கோடி வீதம் வந்துகொண்டிருக்கும். எஃப்பிஜிஏவின், அதாவது வேண்டிய சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்பின், கிளாக் 125 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 1024 மாதிரிகள் வந்து சேரும் 51.2 மைக்ரோநொடிக்குள், அதாவது 6,400 கிளாக் துடிப்புகளுக்குள், ஒரு முழு எஃப்எஃப்டியை முடித்தாக வேண்டும். எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கணக்கிடும் ரேடிக்ஸ்-2 முறையில் 10 கட்டங்கள், கட்டத்துக்கு 512 பட்டர்ஃபிளைகள் (இரண்டு எண்களை எடுத்து இரண்டு புதிய எண்களைத் தரும் சிறு கணக்கு), மொத்தம் 5,120. துடிப்புக்கு ஒரு பட்டர்ஃபிளை செய்தால் போதும், 1,280 துடிப்புகள் மிச்சம். கணக்கு அவ்வளவு வசதியாக இருந்ததால், நான் கவலைப்பட்டதெல்லாம் பெருக்கிகளைப் பற்றியும், ஒவ்வொரு கட்டத்திலும் எண்கள் பெருத்துப் போவதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதைப் பற்றியும்தான். நினைவகத்தை, சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில், ஒரே வரியில் அறிவித்தேன்: 1024 இடங்கள், இடத்துக்கு 32 பிட், மெய்ப்பகுதிக்கு 16, கற்பனைப்பகுதிக்கு 16. சிமுலேஷன் முதல் வாரத்திலேயே சரியாக ஓடியது. விடைகள் ஒப்பீட்டு நிரலோடு கடைசிப் பிட் வரை பொருந்தின.

பிறகு, எழுதியதைச் சுற்றாக மாற்றும் சிந்தசிஸின் அறிக்கை வந்தது. சிப்பில் ஆயத்தமாக இருக்கும் நினைவகத் துண்டுகளான பிளாக் ரேம் என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இருந்தது. ஒரே ஒரு பிட்டை வைத்திருக்கும் ஃபிளிப்-ஃப்ளாப் என்ற வரிக்கு எதிரே முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டிய ஓர் எண் இருந்தது. முதலில் ஏதோ அமைப்புத் தவறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன், அதே எண். 1024-ஐ 32-ஆல் பெருக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: 32,768. கருவி என் நினைவகத்தை நினைவகமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பிட்டையும் தனித்தனி ஃபிளிப்-ஃப்ளாப்பாகக் கரைத்து, அவற்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்க 1024-க்கு ஒன்று என்ற அளவில் பூதாகரமான தேர்விகளையும் கட்டிவைத்திருந்தது. சிப்பில் அவ்வளவு இடமே இல்லை.

காரணம் எளிது, ஆனால் அன்று எனக்கு அது வெட்கக்கேடாக இருந்தது. வெரிலாக்கில் அரே என்பது வெறும் எழுத்து; அதற்கு வாசல்கள் கிடையாது. ஒரே துடிப்பில் இரண்டு இடங்களைப் படி, வேறு இரண்டு இடங்களில் எழுது என்று நான் எழுதியிருந்ததைச் சிமுலேட்டர் மறுபேச்சில்லாமல் செய்தது. உண்மையான பிளாக் ரேமுக்கு இரண்டே வாசல்கள், அதாவது போர்ட்டுகள். ஒரு துடிப்பில் இரண்டு முகவரிகளுக்கு மேல் அதனால் தொட முடியாது. பட்டர்ஃபிளைக்கோ நான்கு தொடல்கள் வேண்டும்: படிக்க இரண்டு, எழுத இரண்டு. நினைவகத்தின் கொள்ளளவை நான் கணக்கிட்டிருந்தேன், வாசல்களை எண்ணவில்லை.

அவசரத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நினைவகத்தை இரண்டு பிரதிகளாக வைத்தால் இரண்டு படிப்புகள் கிடைக்கும்; ஆனால் எழுதும்போது இரண்டு பிரதிகளிலும் எழுதியாக வேண்டும் என்பதால் எழுத்தில் அதே நெரிசல் அப்படியே மிஞ்சும். அதைக் கைவிட்டு, நினைவகத்தை 512 இடங்கள் கொண்ட இரண்டு பேங்குகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு பேங்குக்கும் படிக்க ஒரு போர்ட், எழுத ஒரு போர்ட். முகவரியின் முதல் பிட் 0 என்றால் இந்த பேங்க், 1 என்றால் அந்த பேங்க். முதல் கட்டத்தில் 0-உம் 512-உம், 1-உம் 513-உம் என்று சோடி சேர்வதால், ஒவ்வொரு சோடியும் ஆளுக்கொரு பேங்கிலிருந்து வந்தது. அழகாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் 0-உம் 256-உம் சோடி. இரண்டும் ஒரே பேங்க். மோதல் வந்தால் ஒன்றை நிறுத்திவைத்து மற்றொன்றை முதலில் அனுப்பும் நடுவர் சுற்று ஒன்றை இடையில் சேர்த்திருந்ததால் விடை கெடவில்லை, வேகம் கெட்டது. முதல் கட்டம் 512 துடிப்புகள், மற்ற ஒன்பது கட்டங்கள் ஒவ்வொன்றும் 1,024. மொத்தம் 9,728. எனக்குக் கிடைத்திருந்தது 6,400.

சரி, முதல் பிட்டுக்குப் பதிலாகக் கடைசிப் பிட்டை எடுப்போம் என்று மாற்றினேன். இரட்டைப்படை முகவரிகள் ஒரு பேங்க், ஒற்றைப்படை முகவரிகள் மற்றொன்று. பாடப்புத்தகங்கள் இன்டர்லீவிங் என்று சொல்லித் தருவது இதைத்தான். ஓட்டிப் பார்த்தேன்: 9,728. நடுவில் ஒரு பிட்டை எடுத்தேன்: 9,728. ஓர் இலக்கம்கூட மாறவில்லை. அதுவரை எரிச்சலாக இருந்த விஷயம் அந்த மூன்றாவது ஓட்டத்தில்தான் ஆர்வமாக மாறியது. மூன்று வெவ்வேறு பிரிப்புகள், துளி வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவுக்கு மோசமாக இருக்கின்றன என்றால், அதற்குள் ஏதோ ஒழுங்கு இருக்க வேண்டும்.

கனசதுரம்

அன்று மாலை 1024-ஐ விட்டுவிட்டு 8 புள்ளி எஃப்எஃப்டியை ஒரு தாளில் எழுதினேன். 000 முதல் 111 வரை எட்டு முகவரிகள். முதல் கட்டத்தில் 000-உம் 100-உம் சோடி. இரண்டாம் கட்டத்தில் 000-உம் 010-உம். மூன்றாம் கட்டத்தில் 000-உம் 001-உம். எந்தக் கட்டத்தை எடுத்தாலும், சோடியில் இருக்கும் இரண்டு முகவரிகளுக்கும் இடையே சரியாக ஒரே ஒரு பிட் மட்டும் வேறுபடுகிறது. எந்த பிட் என்பதுதான் கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. எனவே நான் எந்த ஒரு பிட்டைப் பிடித்து பேங்க்குகளைப் பிரித்தாலும், அந்த பிட்டுக்குரிய ஒரு கட்டம் மட்டும் பிழைக்கும். மற்றவை எல்லாம் முட்டிக்கொள்ளும். 9,728 ஏன் அசையவில்லை என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. வழி கிடைக்கவில்லை.

வழி கிடைத்தது கோடு போட்டுப் பார்த்தபோது. சோடி சேரும் முகவரிகளை எல்லாம் கோட்டால் இணைத்துக்கொண்டே போனேன். முதல் கட்டத்துக்கு நான்கு கோடுகள், இரண்டாம் கட்டத்துக்கு நான்கு, மூன்றாம் கட்டத்துக்கு நான்கு. பன்னிரண்டாவது கோட்டைப் போட்டு முடித்துவிட்டுப் பார்த்தால், தாளில் இருந்தது ஒரு கனசதுரம். எட்டு முகவரிகள் அதன் எட்டு மூலைகள். பன்னிரண்டு பட்டர்ஃபிளைகள் அதன் பன்னிரண்டு விளிம்புகள். அதுவரை நான் முகவரிகளை 0, 1, 2, 3 என்று ஒரு நீண்ட தெருவில் நிற்கும் வீடுகளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவை எங்கே வெட்டலாம் என்றுதான் மூன்று முறையும் தேடியிருக்கிறேன். எஃப்எஃப்டிக்கு அவை தெருவில் இல்லை. ஒவ்வொரு திசையிலும் இரண்டே இரண்டு வீடுகள் கொண்ட கனசதுரத்தில் இருக்கின்றன. என் கேள்வியும் அந்தக் கணத்தில் வேறாகிவிட்டது: ஒரு விளிம்பின் இரண்டு முனைகளுக்கும் ஒரே நிறம் வராதபடி, கனசதுரத்தின் மூலைகளுக்கு இரண்டு வண்ணங்களை மட்டும் வைத்துத் தீட்ட முடியுமா?

பள்ளிப் பிள்ளைகூட இதைத் தீட்டிவிடும். 000-இல் தொடங்கி அதற்கு வெள்ளை. ஒரு விளிம்பு நகர்ந்தால் கறுப்பு. இன்னொரு விளிம்பு நகர்ந்தால் மறுபடி வெள்ளை. ஒரு மூலைக்கு எந்த வழியாக வந்தாலும் நிறம் மாறாது, ஏனென்றால் 000-இலிருந்து எத்தனை விளிம்புகள் நடந்தோம் என்பது ஒற்றையா இரட்டையா என்பது மட்டுமே நிறத்தைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிக்கையோ முகவரியில் எத்தனை 1-கள் இருக்கின்றன என்பதுதான். அதாவது பாரிட்டி. 000, 011, 101, 110 ஒரு பேங்க். 001, 010, 100, 111 மற்றொன்று. ஒரு பிட் மட்டும் மாறினால் பாரிட்டி கட்டாயம் மாறும். எந்த பிட் என்பது பொருட்டே இல்லை. ஆகவே எந்தக் கட்டத்திலும் எந்தச் சோடியும் மோத முடியாது. 1024 புள்ளிக்குக் கனசதுரம் பத்துப் பரிமாணம் கொண்டதாகிவிடுகிறது. அதைத் தாளில் வரைய முடியாது, ஆனால் அதன் விளிம்புகளை எண்ணலாம். பத்துத் திசைகள், திசைக்கு 512 விளிம்புகள், மொத்தம் 5,120. நான் முதல் நாள் எழுதிவைத்த பட்டர்ஃபிளை எண்ணிக்கை அதுவேதான்.

வன்பொருளில் இதற்கு ஆன செலவு சிரிப்பை வரவழைக்கும் அளவுக்குச் சிறியது. பத்து முகவரி பிட்டுகளையும் எக்ஸார் செய்ய (1-கள் ஒற்றையா இரட்டையா என்று பார்க்க) ஒன்பது வாயில்கள். பேங்க்குக்குள் எந்த வரிசை என்பதற்கு முகவரியின் கடைசிப் பிட்டை விட்டுவிட்டு மற்ற ஒன்பது பிட்டுகளை அப்படியே பயன்படுத்தலாம். 2-உம் 3-உம் போன்ற அண்டை முகவரிகள் எப்போதும் எதிரெதிர் பேங்குகளில் விழுவதால், ஒரே வரிசையை இரண்டு பேர் கேட்கும் குழப்பம் வராது. பட்டர்ஃபிளைக்குள் நுழையும் இரண்டு எண்களில் எது மேல், எது கீழ் என்பது பாரிட்டியைப் பொறுத்து இடம் மாறிவிடும் என்பதால், நுழைவிடத்தில் ஓர் இடமாற்றி, வெளியேறும் இடத்தில் இன்னொன்று. பட்டர்ஃபிளையின் பைப்லைன் நீளம், அதாவது உள்ளே போன எண் வெளியே வர ஆகும் நேரம், 6 துடிப்புகள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அது காலியாகக் காத்திருக்க வேண்டும் என்பதால் 60 துடிப்புகள் கூடின. 5,180. நடுவர் சுற்றை அழித்துவிட்டேன். தீர்ப்புச் சொல்ல வழக்கே இல்லை.

கேட்காமலே கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எஃப்எஃப்டியின் விடைகள் பிட் தலைகீழான வரிசையில்தான் நினைவகத்தில் கிடக்கும். 001 என்ற அதிர்வெண்ணின் விடை 100 என்ற இடத்தில் இருக்கும். வெளியே அனுப்பும்போது அவற்றை இயல்பான வரிசையில், துடிப்புக்கு இரண்டாக எடுக்க வேண்டியிருந்தது. அங்கே புதிதாக மோதல் வருமோ என்று பயந்துகொண்டே கணக்குப் போட்டேன். பிட்டுகளைத் தலைகீழாக அடுக்கினாலும் 1-களின் எண்ணிக்கை மாறாது, பாரிட்டியும் மாறாது. 2-உம் 3-உம் எதிர் பேங்குகளில் இருந்தால், அவற்றின் தலைகீழ் முகவரிகளும் எதிர் பேங்குகளில்தான் இருக்கும். அந்தப் பகுதிக்கு நான் ஒதுக்கியிருந்த இரண்டு நாட்கள் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன.

புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மார்ஷல் பீஸ் 1969-லேயே இந்தப் பாரிட்டி விஷயத்தைக் கவனித்து எழுதிவிட்டார். டேனி கோஹன் 1976-இல் எஃப்எஃப்டி வன்பொருளின் முகவரிக் கட்டுப்பாட்டை எளிமையாக்கும் கட்டுரை ஒன்றை எழுதியிருக்கிறார். அதைவிடப் பழைய கணிதம் ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. 0 முதல் 7 வரையிலான முகவரிகள் எந்தெந்த பேங்க் என்று வரிசையாக எழுதினால் 0 1 1 0 1 0 0 1 என்று வரும். இது தூ-மோர்ஸ் தொடர். ஆக்சல் தூ 1906-இலும் மார்ஸ்டன் மோர்ஸ் 1921-இலும் ஆராய்ந்தது, அவர்களுக்கும் முன்னால் 1851-இல் புரூஹே என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டுச் சென்றது. என் பிளாக் ரேமுக்குள் அது இருப்பதில் எனக்கு இன்றும் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

பெரிய கணினிகளைக் கட்டியவர்கள் இதே சுவரில் வேறு விதமாக முட்டியிருக்கிறார்கள். 1976-இல் வந்த கிரே-1 கணினியில் 16 பேங்குகள், கிளாக் 12.5 நானோநொடி, ஒரு பேங்கைத் தொட்டால் அது மறுபடி தயாராக 4 துடிப்புகள் ஆகும். அடுத்தடுத்த முகவரிகளைக் கேட்டால் துடிப்புக்கு ஒரு சொல் கிடைக்கும். 16 தாண்டித் தாண்டிக் கேட்டால் எல்லாமே ஒரே பேங்கில் விழுந்து வேகம் கால்வாசியாகிவிடும். இரண்டின் அடுக்குகளாகத் தாவிச் செல்வது எஃப்எஃப்டியின் பிறவிக்குணம் என்பதால், இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. பரோஸ் நிறுவனத்தின் அறிவியல் கணினியில் 16 கணக்கீட்டு அலகுகளுக்கு 17 பேங்குகள் வைத்தார்கள். 17 பகா எண் என்பதால், 17-இன் மடங்காக இல்லாத எந்தத் தாவலும் எல்லா பேங்குகளுக்கும் சீராகப் பரவும். ஆனால் முகவரியை 17-ஆல் வகுத்து மீதி காண வேண்டும். அது ஒன்பது எக்ஸார் வாயில்களில் முடிகிற வேலை இல்லை. எந்தத் தாவல் வரும் என்று முன்கூட்டியே தெரியாத கணினிக்கு அந்தச் செலவு நியாயம். என் சுற்றுக்கு ஒரே ஒரு வேலை. அதன் தாவல்கள் அத்தனையும் முதல் நாளே தெரியும்.

ஒரே பெயரில் இரண்டு வேலைகள்

இனி அந்த இன்னொரு இன்டர்லீவிங். குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவதற்குக் காரணம் அதில் இருக்கும் ரீட்-சாலமன் பிழைதிருத்தக் குறியீடு மட்டும் இல்லை. குறியீட்டுக்குள் வரும் 28 பைட்டுகளை 0, 4, 8 என்று கூட்டிக்கொண்டே போய் 108 பிரேம்கள் வரை வெவ்வேறு அளவில் தாமதப்படுத்தி, அருகருகே இருந்தவற்றைத் தொலைதூரத்துக்குக் கலைத்துவிடுவதும்தான். சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல் ஒன்று தின்றுவிடும் நாலாயிரத்துக்கு நெருக்கமான பிட்டுகள், கலைத்ததை மறுபடி அடுக்கும்போது பல குறியீட்டுச் சொற்களுக்குள் சிதறி, சொல்லுக்கு ஒரு சில பிழைகளாகக் குறைந்துவிடுகின்றன. டிவிபி என்ற டிஜிட்டல் தொலைக்காட்சி ஒளிபரப்பில் இதே கருத்து 12 கிளைகளாக வருகிறது. அடுத்தடுத்த கிளைகளின் தாமதம் 17 பைட்டுகளின் படிகளாக ஏறும். மொத்த நினைவகம் 1,122 பைட்டுகள் போதும். இதை வன்பொருளில் கட்டும்போது 12 தனி வரிசைகளை யாரும் கட்டுவதில்லை. ஒரே ரேமில் கிளைக்கு ஒரு வட்டப் பகுதி ஒதுக்கி, ஒரு முகவரியில் இருக்கும் பழைய பைட்டை எடுத்த அதே துடிப்பில் புதிய பைட்டை அங்கேயே வைத்துவிடுவார்கள். யாரும் பாராட்டாத, ஆனால் பார்க்கப் பார்க்கச் சலிக்காத சிறு வேலை அது.

வெகுநாள் வரை இந்த இரண்டையும் பெயர் மட்டும் ஒத்த வெவ்வேறு விஷயங்கள் என்றே நினைத்திருந்தேன். டர்போ என்ற பிழைதிருத்தக் குறியீட்டுக்கு டிகோடர் (குறியீட்டை அவிழ்க்கும் சுற்று) ஒன்றைச் செய்ய நேர்ந்தபோது அந்த நினைப்பு கலைந்தது. 1993-இல் பெரூவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட டர்போ குறியீட்டில், ஒரே தரவை ஒருமுறை இயல்பான வரிசையிலும் மறுமுறை கலைத்த வரிசையிலும் குறியாக்கம் செய்கிறார்கள். டிகோடர் இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையே மாறி மாறி நடந்து, ஒவ்வொரு நடையிலும் தன் ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது. கலைக்கும் வரிசை அருகருகே இருப்பவற்றை நன்றாகச் சிதறடித்தால்தான் குறியீடு வலுவாகும். வேகத்துக்காக எட்டு டிகோடர் அலகுகளை ஒரே சமயத்தில் ஓட்டினால், தரவை எட்டு பேங்குகளில் வைத்து அலகுக்கு ஒன்றாகக் கொடுப்போம். இயல்பான வரிசையில் நடக்கும்போது ஒவ்வொருவரும் தத்தம் பேங்கோடு நிற்பார்கள். கலைத்த வரிசையில் நடக்கும்போது, எட்டுப் பேரும் கேட்கும் முகவரிகள் எந்த பேங்கில் விழும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மூன்று பேர் ஒரே பேங்கின் வாசலில் நிற்பார்கள், இரண்டு பேங்குகள் ஆளின்றிக் கிடக்கும். பிழைகளைச் சிதறடிக்கவென்று செய்த இன்டர்லீவர், நினைவகத்தைச் சிதறடிக்கவென்று செய்த இன்டர்லீவிங்கைக் குலைத்துவிடுகிறது. மூன்றாம் தலைமுறைக் கைப்பேசித் தரத்தின் இன்டர்லீவரில் இதுதான் நிலைமை. அதற்கு இணை டிகோடர் செய்தவர்கள் வரிசை பஃபர்களையும் காத்திருப்புச் சுற்றுகளையும் சேர்த்துச் சமாளித்தார்கள். என்னுடைய பழைய நடுவர் சுற்றின் பெரிய அண்ணன்கள்.

நான்காம் தலைமுறைக் கைப்பேசித் தரமான எல்டிஇயில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே கலைப்பு விதி ஓர் இருபடிக் கோவை. மிகச் சிறிய அளவான 40-க்கு விதி இது: வரிசை எண்ணை 3-ஆல் பெருக்கு, அதன் வர்க்கத்தை 10-ஆல் பெருக்கு, இரண்டையும் கூட்டி 40-ஆல் வகுத்த மீதியை எடு. இதை நான்கு அலகுகளுக்குப் பங்கிட்டுக் கையாலேயே செய்து பார்க்கலாம். அலகுக்குப் பத்து இடங்கள்; முதல் துடிப்பில் நால்வரும் 0, 10, 20, 30 என்ற வரிசை எண்களில் நிற்கிறார்கள். விதிப்படி அவர்கள் கேட்கும் முகவரிகள் 0, 30, 20, 10. நான்கும் நான்கு பேங்குகளில். அடுத்த துடிப்பில் 1, 11, 21, 31. கேட்கும் முகவரிகள் 13, 3, 33, 23. மறுபடி நான்கும் நான்கு பேங்குகளில், அதுவும் ஒவ்வொரு பேங்கிலும் அதே மூன்றாம் எண் இடத்தில். எனவே நான்கு தனி முகவரிகள்கூடத் தேவையில்லை. நான்கு பேங்குகளையும் ஒரே அகலமான சொல்லாகப் படித்து, யாருக்கு எது என்று சுழற்றிக் கொடுத்தால் போதும். 40 முதல் 6,144 வரை 188 அளவுகள் அந்தத் தரத்தில் உண்டு. எல்லாவற்றுக்கும் அலகுகளின் எண்ணிக்கை அளவை மீதியின்றி வகுத்தால் இந்தக் குணம் நிலைக்கும். 13, 3, 33, 23 என்று எழுதி முடித்த அன்று, கனசதுரத்தை வரைந்த மாலைதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எஃப்எஃப்டியில் பாரிட்டி ஏற்கெனவே கணக்குக்குள் இருந்தது, பார்த்தவர் எடுத்துக்கொண்டார். எல்டிஇயில், கணக்கை எழுதியவர்கள் எழுதும்போதே பேங்க்குகளை மனத்தில் வைத்து எழுதினார்கள்.

கருவி எதைப் பார்க்கிறது

இனி அந்த இளைஞரின் வாக்கியத்துக்கு வரலாம். அவர் சொன்னதில் உண்மையான பாதி இது: மாதிரிகளைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டும் எஃப்ஐஆர் வடிகட்டி போன்றவற்றில் அடுத்தடுத்த மாதிரிகளும் அடுத்தடுத்த கெழுக்களும் மட்டுமே வேண்டும். அங்கே அரேயை நான்காகவோ எட்டாகவோ பிரி என்று சொல்லிவிட்டால் கருவி சரியாகவே செய்யும். கையால் செய்வது வீண் பெருமை. 1980-களில் மோட்டரோலாவின் டிஎஸ்பி56000 சிப்பில் எக்ஸ் நினைவகம், ஒய் நினைவகம் என்று இரண்டைக் கொடுத்து, தரவை ஒன்றிலும் கெழுவை மற்றொன்றிலும் வைத்துக்கொள் என்று நிரலாளரிடமே விட்டுவிட்டார்கள். அந்தச் சுமை இன்று கருவியின் தோளில் இருப்பது நல்லதுதான்.

பொய்யான பாதி, கருவிக்குத் தெரிந்த பிரிப்பு முறைகளில் இருக்கிறது. அவருடைய கருவியில் அரேயைத் துண்டாக்க மூன்று வழிகள்: தொடர்ச்சியான தொகுதிகளாக, சுழற்சி முறையில், அல்லது ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனி ரெஜிஸ்டராக. இரண்டு பேங்குகளுக்கு முதலாவது என்பது முகவரியின் முதல் பிட். இரண்டாவது என்பது கடைசிப் பிட். மூன்றாவது 32,768 ஃபிளிப்-ஃப்ளாப்புகள். என் மூன்று வாரத் தவறுகளைப் பட்டியலாக வைத்திருக்கிறது அந்தக் கருவி. நான்காவது வழியை அவரே எழுத வேண்டும்: இரண்டு அரேக்களை அறிவித்து, எந்த எண் எதில் என்பதைப் பாரிட்டியால் சொல்லி, மோதல் வராது என்று கருவிக்கு உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். கருவிக்கு நிரலில் இருக்கும் அரே தெரிகிறது. அந்த அரேயில் யார் யார் ஒரே துடிப்பில் கூப்பிடப்படுகிறார்கள் என்பதைப் பத்துக் கட்டங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை.

நேர்மையாகச் சொன்னால் பாரிட்டி ஒன்றே வழி என்றும் இல்லை. நினைவகத்தை அகலமாக்கி, ஒரு வரிசையில் இரண்டு எண்களாக வைத்து, இரண்டு துடிப்புகளில் இரண்டு வரிசைகளைப் படித்து, உள்ளே சிறு ரெஜிஸ்டர்களில் இடம் மாற்றிக்கொள்ளும் மரபு ஒன்று உண்டு. ஒரு போர்ட் நினைவகம் மட்டுமே கிடைக்கும் சிப்களில் நானும் அதைத்தான் செய்வேன்.

சென்ற வாரம் அவருடைய வெண்பலகையில் 0 1 1 0 1 0 0 1 என்று எழுதி, கனசதுரத்தையும் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே அதன் பின்னால் 1 0 0 1 0 1 1 0 என்று 16 புள்ளிக்கு நீட்டினார். பிறகு, “அப்ப 1536-க்கு என்ன பண்றது அண்ணா?” என்று கேட்டார். எல்டிஇயின் 15 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வழக்கமாக எடுக்கும் அளவு அது. ஒரு 3-உம் ஒன்பது 2-களும் சேர்ந்த பெருக்கல். மூன்று பேங்குகள் வைத்து, அந்த 3-க்குரிய மும்ம இலக்கத்தோடு (0, 1, 2 என்ற மூன்றில் ஒன்று) ஒன்பது பிட்டுகளில் இருக்கும் 1-களின் எண்ணிக்கையைக் கூட்டி 3-ஆல் வகுத்த மீதியை பேங்க் எண்ணாகக் கொண்டால் எந்தக் கட்டத்திலும் மோதல் வராது. பேங்குக்குச் சரியாக 512 எண்கள். அதை எழுதிக் காட்டியபோது அவர் உடனே குறையைப் பிடித்துவிட்டார்: ரேடிக்ஸ்-2 கட்டங்கள் ஒன்பதிலும், எந்தத் துடிப்பிலும் ஒரு பேங்க் சும்மாவே இருக்கும். இரண்டு துடிப்புகளில் மூன்று பேங்குகளிலிருந்தும் ஆறு எண்களைப் படித்துவிட்டால் மூன்று பட்டர்ஃபிளைகளுக்குத் தீனி கிடைத்துவிடுகிறது, எந்த பேங்கும் சும்மா இருப்பதில்லை. ஆனால் அப்போது துடிப்புக்கு ஒன்றரை பட்டர்ஃபிளை வேண்டும். அந்த அரை பட்டர்ஃபிளையை எப்படிக் கட்டுவது என்ற படம் பாதியில் நிற்கிறது. பலகையை அழிக்க வேண்டாம் என்று அவர் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.